டியூசனா, கோடிங்கா, லண்டன் ஓ எல்லா: ஏஐ காலத்துப் பிள்ளைக்கு எதைத் தெரிவுசெய்வது?

மகள் பாடசாலையிலிருந்து ஓ எல் (சாதாரண தரப் பரீட்சை) பாடங்களைத் தெரிவுசெய்கிற தாளைக் கொண்டுவந்து இரண்டு கிழமையாகிறது. அடுத்த வருடம் தரம் 10. சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். மிச்சம் மூன்றையும் தொகுதிக்கு ஒன்றாகத் தெரிவுசெய்து, பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். என் காலத்தில் அப்பா இப்படியொரு தாளை ஐந்து நிமிடத்தில் நிரப்பினார், வர்த்தகம் படி, கணக்கு வேலைக்கு எந்தக் காலத்திலும் ஆள் தேவை என்றார், நானும் படித்தேன், சீமா என்ற கணக்கியல் தொழிற்பரீட்சை முடித்தேன், இப்போது கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அப்பாவுக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. எங்களுக்கு இரண்டு கிழமை போதவில்லை, தாள் இன்னும் பிரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கிறது.

காரணம் என் அலுவலகத்திலேயே இருக்கிறது. முந்தி எங்கள் பிரிவில் சப்ளையர்களின் இன்வொய்ஸ்களை சிஸ்டத்தில் அடிப்பதற்கென்றே மூன்று பேர் இருந்தார்கள், ஏ எல் (உயர்தரம்) முடித்துவிட்டு சீமா படித்துக்கொண்டே வேலைக்கு வருகிற பிள்ளைகள். இப்போது இன்வொய்ஸை ஸ்கேன் பண்ணிப் போட்டால் மென்பொருள் தானே வாசித்து, திகதி, தொகை, வற் எல்லாவற்றையும் உரிய கட்டத்தில் நிரப்பி, தனக்குச் சந்தேகமானதை மட்டும் மஞ்சளில் காட்டுகிறது. யாரையும் வேலையால் நிற்பாட்டவில்லை. ஒரு பிள்ளை கட்டாருக்குப் போனாள், இன்னொருவன் பாங்கில் சேர்ந்தான், அந்த இரண்டு கதிரைக்கும் ஆள் எடுக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு உறுத்துவது என்னவென்றால், நான் வேலைக்குச் சேர்ந்து முதல் ஒன்றரை வருடம் செய்ததும் அதே வேலைதான். இன்வொய்ஸ் அடித்து அடித்துத்தான் எந்த சப்ளையர் ஒரே பில்லை இரண்டு தரம் அனுப்புவார், எந்தத் தொகை எங்கோ இடிக்கிறது என்றெல்லாம் பார்த்தவுடன் பிடிபடத் தொடங்கியது. மஞ்சளில் வருவதைப் பார்த்துச் சரி பிழை சொல்ல நாளைக்கும் ஒரு ஆள் வேண்டும். மஞ்சளில் வராமல் நழுவிப் போகிற பிழையைப் பிடிக்கவும் வேண்டும். அந்த ஆள் எங்கே இருந்து பழகிவருவார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஆகவே இந்த இரண்டு கிழமையும் வீட்டில் யார் எந்த யோசனை சொன்னாலும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டுப் பார்த்தேன்: இது என் பிள்ளையை மஞ்சளைப் பார்த்துச் சரி பிழை சொல்கிற இடத்துக்குக் கொண்டுபோகுமா? எங்கள் கையில் இருப்பது கிழமைக்கு நான்கு மணித்தியாலமும் மாதம் 15,000 ரூபாயும். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழையது ஒன்று போக வேண்டும். இந்தக் கணக்கில்தான் கீழே உள்ள எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தோம்.

முதலில் கோடிங், ரோபோட்டிக்ஸ். காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை நடந்தால் விளம்பரத்துக்குக் குறைவில்லை. ஒரு சனிக்கிழமை மகளை ஒரு இலவச மாதிரி வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தரையில் கறுப்புக் கோடு ஒட்டியிருந்தார்கள், அந்தக் கோட்டைப் பிடித்து ஓடுகிற ஒரு சின்ன கார், கார் ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்தது, நிரலும் தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள், அதைப் பார்த்து அடித்தால் கார் ஓடும். மகளுடைய கார் ஓடியது. பக்கத்துப் பிள்ளையின் அப்பா வீடியோ எடுத்தார். மகள், "சேர், இது வளைவில எப்பிடித் திரும்புது?" என்று கேட்டாள். "அது அடுத்த லெவலில்" என்றார் சேர். அடுத்த லெவலின் கட்டணம் எங்கள் 15,000க்குள் அடங்கவில்லை என்பது வேறு கதை.

கோடிங்கே தேவையில்லை என்கிறவர்களும் சின்ன ஆட்கள் இல்லை. ஏஐக்கான சிப் செய்கிற என்விடியா கம்பனியின் தலைவர் ஜென்சன் ஹுவாங் 2024 பெப்ரவரியில் துபாயில் பேசும்போது, எல்லாப் பிள்ளையும் கோடிங் படிக்க வேண்டும் என்று இத்தனை காலம் சொன்னார்கள், இப்போது நிலைமை கிட்டத்தட்ட நேர்மாறு, மனிதரின் மொழியே இனி நிரல் மொழியாக இருக்கும் என்கிற கருத்தில் பேசினார். சிப் விற்கிறவர் அப்படித்தான் சொல்வார் என்று என் கணவர் சிரித்தார். என் கருத்து இடையில் நிற்கிறது. நிரல் எழுதி வேலை எடுப்பதற்காகக் கோடிங் என்றால் நான் இன்றைக்குக் காசு போட மாட்டேன். ஆனால் பிழை விட்டால் தயவுதாட்சண்யம் இல்லாமல் நின்றுபோய், எந்த வரியில் பிழை என்று தேடவைக்கிற ஒரு பொருள் பிள்ளையின் கையில் இருப்பது நல்லது, அம்மா மாதிரி "பரவாயில்லை" என்று அது சொல்லாது. அதற்கு வகுப்பு தேவையில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆட்கள் 2007இல் வெளியிட்ட, பிள்ளைகளுக்கான நிரல் மொழி ஸ்க்ராட்ச் இலவசம், பெரியவர்களும் பாவிக்கிற பைத்தன் மொழியும் இலவசம், மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்துகிற ஆரம்பப் பாடநெறிகளும் இலவசம். கையால் பூட்டிப் பார்க்க ஆசையென்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நிரல் போட்டு ஓட்டக்கூடிய சின்ன சர்க்கிட் பலகையான ஆர்டுயினோ போர்டு ஒன்றும் நாலைந்து வயரும் எல்ஈடியும் வாங்கலாம், பேரம் பேசத் தெரிந்தவர் கூடவே போனால் இன்னும் நல்லது. ஓடாத காரை ஓடவைப்பதில்தான் படிப்பு இருக்கிறது. அந்த வகுப்பில் ஓடாத கார் ஒன்றுகூட இருக்கவில்லை.

அடுத்தது "சிறுவர்களுக்கான ஏஐ" வகுப்புகள். ஐந்து கிழமை, முடிவில் சான்றிதழ், மெஷினிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுப்பார்களாம். இதில் நான் அதிகம் மினக்கெடவில்லை. சாட்ஜிபிடி வெளிவந்ததே 2022 நவம்பர் 30இல்தான், அதற்குள் அதன் முகம் எத்தனை தரம் மாறிவிட்டது! இன்றைக்குக் காசு கொடுத்துப் படிக்கிற தந்திரம் அடுத்த தவணைக்கே உதவாமல் போகலாம், தவிர எப்படிக் கேட்பதென்று எங்கள் வீட்டில் எனக்குச் சொல்லித்தந்ததே மகள்தான். இன்னொன்று, அதன் விதிப்படி 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பாவிக்கக் கூடாது, 18 வரை பெற்றோரின் சம்மதம் வேண்டும். சின்னவனுக்கு ஒன்பது வயது. அவனையும் சேர்க்கலாம், சகோதரங்களுக்குக் கழிவு உண்டு என்று போனில் சொன்னார்கள். போனை வைத்துவிட்டேன்.

ஆனால் வகுப்பு வேண்டாம் என்பதால் ஏஐயைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று ஆகாது. வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தை மாதத்தில் "எங்கள் ஊர்ப் பொங்கல்" என்று தமிழ்க் கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். மகள் எழுதிக்கொண்டு போன கட்டுரை நல்ல கையெழுத்தில், முன்னுரை முடிவுரையோடு, திருக்குறள் ஒன்றோடு அழகாக இருந்தது. ஆசிரியை சிவப்புப் பேனாவால் ஒரேயொரு வரி எழுதியிருந்தார்: "வெள்ளவத்தையில் ஜல்லிக்கட்டா?"

கட்டுரையில் காளை ஓடியது, வயலில் கதிர் சாய்ந்தது, மூன்று நாள் ஊரே கூடி விழா எடுத்தது. நாங்கள் பொங்குவது பிளட்டின் கார் நிறுத்துகிற இடத்தில், மூன்று கல் வைத்து, கீழ்வீட்டு அன்ரியின் பெரிய பானையில். பால் பொங்கி வழிகிற நேரத்தில் பக்கத்து பில்டிங் வாச்சர் அங்கிள் வந்து எட்டிப்பார்ப்பார், அவருக்கு முதல் கிண்ணம் போகும், மேலே மாடியில் யாராவது சீனவெடி கொளுத்துவார்கள், கொளுத்தின பிறகு கார்களின் அலாரம் எல்லாம் சேர்ந்து கத்தும். இதையெல்லாம் பத்து வருடமாகப் பார்த்த பிள்ளை. "நீ வாசிச்சுப் பாக்கேல்லையா?" என்று கேட்டேன். "ரெண்டு தரம் வாசிச்சனான், நல்லாத்தானே இருந்தது" என்றாள். மெஷினிடம் எழுதி வாங்கியதற்காக அன்றைக்கு நான் ஏசவில்லை, உண்மையில் பயந்துபோனேன். வாக்கியம் வழுவழுப்பாக இருந்ததால் தன் கண்ணால் கண்டதையே அவள் மறந்துவிட்டாள். அந்த மென்பொருள் ஏராளமான எழுத்தைப் பார்த்து, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுகிறது. தமிழில் பொங்கல் என்றால் அது பார்த்த எழுத்தில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பொங்கல்தான். அதற்குத் தெரிந்ததை அது எழுதியது.

இதே பிரச்சினை விஞ்ஞானத்தில் இன்னும் மோசம். தமிழில் கேட்டால் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, ஒளிச்சேர்க்கை, செல் என்று விளக்கம் வருகிறது. எங்கள் பாடநூலில் ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, ஒளித்தொகுப்பு, கலம். விளக்கம் சரியாகவே இருக்கும், ஆனால் பிள்ளை எந்தச் சொல்லைப் பரீட்சைத் தாளில் எழுதப் போகிறது? இப்போது பாடநூலைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம், வித்தியாசமான சொல் வந்தால் கொப்பியில் இரண்டையும் எழுத வேண்டும். நாலு பக்கம் நிரம்பிவிட்டது. சும்மா இருந்த பிள்ளைக்கு இதில் ஒரு வேட்டைக் குணமும் வந்திருக்கிறது, பிழை பிடித்தால் ஓடிவந்து காட்டுகிறாள்.

இந்த இடத்தில் ஒரு ஆய்வைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் எங்கள் முடிவில் பாதியை அதுதான் தீர்மானித்தது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பாடசாலை மாணவர்களை வைத்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணிதத்தில் செய்தது. ஒரு பகுதிக்குச் சாட்ஜிபிடியை இயக்குகிற மென்பொருள்களில் ஒன்றான ஜிபிடி-4ஐச் சாதாரணமாகக் கொடுத்தார்கள், அந்தப் பிள்ளைகள் பயிற்சிக் கணக்குகளில் மற்றவர்களைவிட 48 வீதம் கூடுதலாகச் செய்தார்கள். பிறகு அதைப் பறித்துவிட்டுப் பரீட்சை வைத்தால், அது கிடைக்கவே கிடைக்காத பிள்ளைகளைவிட 17 வீதம் குறைவு. இன்னொரு பகுதிக்கு, விடையைச் சொல்லாமல் ஆசிரியர் மாதிரித் துப்பு மட்டும் கொடுக்கிற விதமாக மாற்றி அமைத்ததைக் கொடுத்தார்கள். அவர்கள் பயிற்சியில் 127 வீதம் கூடுதலாகச் செய்தார்கள், பரீட்சையிலும் அந்த வீழ்ச்சி பெரும்பாலும் இல்லாமல் போனது. ஒரே மென்பொருள்தான், விடையைக் கொடுத்ததா துப்பைக் கொடுத்ததா என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம். இதைப் படித்த அன்றிலிருந்து எங்கள் வீட்டு லெப்டொப் ஹோலில் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது. முதலில் பென்சிலால் தன் விடையை எழுத வேண்டும், பிறகு அதை அடித்து, "எங்கே பிழை, விடையைச் சொல்லாதே" என்று கேட்கலாம். நேரடியாக விடை கேட்டதைப் பிடித்தால் அன்றைக்கு வைஃபை இல்லை. ஒவ்வொரு நாளும் இது ஒழுங்காக நடக்கிறது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

சரி, டியூசன். மகள் இரண்டு இடத்துக்குப் போகிறாள். கணிதம் ஒரு ஒழுங்கைக்குள் சேரின் வீட்டிலேயே, எட்டுப் பிள்ளைகள், ஒரு வெள்ளைப் பலகை. சேர் கணக்கைச் செய்துகாட்டுவதைவிடப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பலகையில் செய்யச் சொல்வார், பிள்ளை செய்து முடித்ததும் "ஏன்?" என்பார். சரியாகச் செய்தாலும் "ஏன்?"தான். மகளுக்கு இதில் சரியான வெறுப்பு. விஞ்ஞானம் ஒரு மண்டபத்தில், இருநூறு பிள்ளைக்குக் குறையாது, சேர் மைக்கில் டியூட்டை (அச்சடித்த பாடக்குறிப்பை) வாசித்துக்கொண்டு போவார், பிள்ளைகள் கோடிட்டுக்கொண்டு போவார்கள், கேள்வி கேட்க நேரம் கிடையாது. முகத்தைச் சுளிக்காமல் சொல்வதானால், அந்த மண்டப வகுப்பைவிட ஏஐ மேல். கேட்டால் பதிலாவது சொல்லும், நாலாவது தரம் கேட்டாலும் எரிந்து விழாது. கணித சேரின் பலகைக்கு முன்னால் அது நிற்காது, ஏனென்றால் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பிள்ளை தன் பிழையோடு நின்று யோசிக்கிற அந்த இரண்டு நிமிடத்தை மெஷின் தராது. டியூசனா ஏஐயா என்று பொதுவாகக் கேட்பதில் பிரயோசனம் இல்லை, எந்த டியூசன் என்று கேட்க வேண்டும். மண்டப வகுப்பை அடுத்த மாதத்தோடு நிற்பாட்டுகிறோம். சொன்னதும் பக்கத்து வீட்டு அக்கா நெஞ்சில் கை வைத்தார். ஓ எல்லுக்கு முதல் யாராவது விஞ்ஞானத்தை நிற்பாட்டுவார்களா!

அவருடைய பயத்துக்குப் பின்னால் இருப்பது ஏ எல், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இஸட் ஸ்கோர், மருத்துவ பீடம். எங்கள் ஆட்களுக்கு இன்னும் டொக்டர், இன்ஜினியர், அதற்குப் பிறகு எக்கவுண்டன், இந்த வரிசை குலையவில்லை. எந்தத் தொழில் நிலைக்கும் என்று பார்த்துப் பிள்ளையைத் தள்ளுவது என்ற வழி எனக்கு முன்பே நம்பிக்கை குறைந்த வழி. இன்றைய ஏஐக்கு அடிப்படையான நியூரல் நெட்வேர்க் துறையின் பெரியவர், 2024இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்ட ஜெஃப்ரி ஹின்டன், 2016இல் இனி எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோய் சொல்கிற ரேடியோலொஜிஸ்ட்களைப் பயிற்றுவிப்பதை நிறுத்திவிட வேண்டும், ஐந்து வருடத்தில் மெஷின் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். வருடங்கள் ஐந்தும் போய், அதற்குப் பிறகும் வருடங்கள் போய்விட்டன, அமெரிக்காவில் இன்றைக்கும் ரேடியோலொஜிஸ்ட்களுக்குத் தட்டுப்பாடு. 2013இல் ஒக்ஸ்போர்டில் ஃப்ரேயும் ஒஸ்போர்னும் அமெரிக்க வேலைகளில் 47 வீதம் கணினிமயமாகும் அபாயத்தில் இருக்கிறது என்று எழுதிய ஆய்வில், கணக்காளர், கணக்காய்வாளர் வேலைக்கு அவர்கள் போட்ட வாய்ப்பு 94 வீதம். மகளுக்கு அப்போது ஒரு வயது, செய்தியைப் படித்துவிட்டு அவளை மடியில் வைத்துக்கொண்டு இவரிடம், "இனி நான் என்ன செய்யிறது?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. நான் இன்னும் அதே கதிரையில்தான் இருக்கிறேன். எனக்குக் கீழே இருந்த கதிரைகள்தான் காலி.

அது எங்கள் கம்பனியின் கதை மட்டும் இல்லை போலிருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2025 ஓகஸ்டில் அமெரிக்கச் சம்பளப் பதிவுகளை வைத்து வெளியிட்டதில், ஏஐ அதிகம் நுழையக்கூடிய தொழில்களில் 22 முதல் 25 வயது வரையானவர்களின் வேலை மற்றவர்களோடு ஒப்பிட 13 வீதம் குறைந்திருக்கிறது, அதே தொழிலில் அனுபவம் உள்ளவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அதனால்தான் "எந்தத் தொழில்" என்ற கேள்வியில் நான் தூக்கம் கெடுக்கவில்லை. எந்தத் தொழிலுக்குப் போனாலும் முதல் இரண்டு வருடம் இவளுக்குப் பழகிக்கொள்ள இடம் கிடைக்குமா என்பதில்தான் கெடுக்கிறேன். கிடைக்காவிட்டால், அந்தப் பழக்கத்தில் கொஞ்சத்தை வேலைக்குப் போக முதலே வேறெங்காவது பெற்றுக்கொண்டு போக வேண்டியதுதான்.

அண்ணா கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் வந்து, இரண்டையும் இன்டர்நஷனல் ஸ்கூலில் போடு, லண்டன் ஓ எல், அதாவது பிரித்தானியப் பாடத்திட்டப் பரீட்சை, செய்யட்டும், ஏஐயின் மொழி ஆங்கிலம், தமிழ் மொழிமூலத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்றார். அவர் சொல்வதில் பாதி உண்மை. அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டால் மகளுக்குத் தெளிவான பதில் வருகிறது, மேலே சொன்ன பொங்கல் கதையும் அதற்குச் சாட்சி. ஆனால் ஆங்கிலம் வேண்டும் என்பதும் அதற்காகப் பாடசாலையை மாற்ற வேண்டும் என்பதும் இரண்டு வேறு விஷயம். பத்தாம் வகுப்பில் கொண்டுபோய்ப் புதுப் பாடத்திட்டத்தில் இறக்கினால் அந்தப் பிள்ளையின் இரண்டு வருடம் தத்தளிப்பில் போகும், ஒரு தவணைக் கட்டணத்துக்கு எங்கள் இருவரின் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதெல்லாம் போகும். அரச பாடசாலைகள் சிலவற்றில் கணிதம், விஞ்ஞானம் போன்றவற்றை ஆங்கில மொழிமூலத்தில் படிக்கலாம், சின்னவன் தரம் 6க்குப் போகும்போது அதைக் கட்டாயம் பார்ப்போம். மகளுக்கு இப்போதைக்கு ஆங்கிலத்தில் வாசிப்புத்தான். அண்ணாவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை, "பிறகு சொல்லாதே" என்றார்.

சிங்களத்தைப் பற்றி வீட்டில் நடந்த சண்டை இதைவிடப் பெரிது. முதலாம் தொகுதியில் வணிகக் கல்வியும் கணக்கீடும் எடுக்கலாம், இரண்டாம் மொழி சிங்களம் எடுக்கலாம், ஒன்றுதான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, கணக்குப் பிரிவில் இருக்கிற நான் சிங்களத்தின் பக்கம், கோட்டையில் ஷிப்பிங் கம்பனியில் நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிற இவர் கணக்கீட்டின் பக்கம். போன் மொழிபெயர்க்கிற காலத்தில் எதற்கு ஒரு பாடத்தை வீணாக்குவது என்பது இவருடைய வாதம்.

போன மார்கழியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து ஒரு ஆஸ்பத்திரி வார்டில் நான்கு நாள் கிடந்தார். இரவுக் கடமையில் இருந்த நர்ஸுக்குத் தமிழ் வராது, என் சிங்களம் அலுவலகச் சிங்களம், நோயைச் சொல்லப் போதாது. போனை எடுத்து நீட்டினேன். அம்மா, "கால் கடுக்குது பிள்ளை" என்றார். அது என்னத்தை விளங்கிக்கொண்டதோ, கால் விறைத்துப்போய் இருக்கிறது என்கிற மாதிரி ஒன்றைச் சொன்னது, நர்ஸ் காலை மடக்கிப் பார்த்தார், அம்மா கத்தினார். அதற்குப் பிறகு அம்மா அந்தப் போனோடு பேச மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த கட்டிலில் தன் ஆச்சியோடு நின்ற கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருத்தி, பதினேழு வயது இருக்கும், எழும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போது இருந்து, எந்த இடத்தில், அழுத்தினாலா அழுத்தாமலா என்று கேட்டுக் கேட்டு நர்ஸுக்குச் சிங்களத்தில் சொன்னாள். நர்ஸும் சிரித்துப் பேசத் தொடங்கினார். அந்தப் பிள்ளை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்கவில்லை, அம்மா சொல்லாமல் விட்டதைக் கேட்டு எடுத்தாள், நர்ஸ் அவசரத்தில் கேட்காததைத் தானாகச் சொன்னாள். மொழிபெயர்ப்பு மென்பொருள் இன்னும் திருந்தும், "கடுக்குது" அதற்கு ஒருநாள் விளங்கும். ஆனாலும் கொழும்பில் இருந்துகொண்டு இந்த நகரத்தின் பாதிப் பேரோடு போனை நடுவில் பிடித்துப் பேசுகிற பிள்ளையாக என் மகள் வளர வேண்டாம். கணக்கீட்டை நான் வீட்டில் சொல்லிக்கொடுக்கலாம், பற்று வரவுக்கு ஆள் வீட்டிலேயே இருக்கிறேன். இவர் கடைசியில், "சரி, உம்மட விருப்பம்" என்றார், அது சம்மதமா என்பது போகப் போகத் தெரியும்.

கைவேலையையும் யோசிக்காமல் விடவில்லை. அதே ஹின்டன் 2025இல் ஒரு நேர்காணலில் பிளம்பராகப் போகச் சொன்னார். எங்கள் பிளட்டில் சமையலறைக் குழாய் வெடித்தபோது பைப் பாஸ் வருவதற்கு நான்கு நாள் காத்திருந்தோம், வந்து சுவருக்குள் எங்கே ஓட்டை என்று தட்டிப் பார்த்தே சொன்னார், கேட்ட காசைக் கொடுத்தோம். மொறட்டுவையில் இருக்கிற ஜேர்மன் டெக் மாதிரித் தொழிற்பயிற்சி இடங்களும், என்விகியூ என்கிற தேசியத் தொழில் தகைமை மட்டங்களும் இருக்கின்றன, ஏ எல்லில் தொழினுட்பப் பிரிவு 2013இலிருந்து இருக்கிறது. மெஷினால் லேசில் பிடிக்க முடியாத வேலைகள் இவை என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் என் மகள் என்று வரும்போது தொண்டைக்குள் ஏதோ அடைக்கிறது. அது அறிவு சம்பந்தப்பட்ட அடைப்பு இல்லை, கல்யாண வீட்டில் யாராவது "மகள் என்ன செய்யிறா?" என்று கேட்பார்களே, அந்த அடைப்பு. ஒத்துக்கொண்டு கடந்து போகிறேன்.

மூன்றாம் தொகுதியில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பமா, சுகாதாரமும் உடற்கல்வியுமா. இரண்டாவதில் ஏ எடுப்பது லேசு என்று எல்லா அம்மாமாரும் சொல்கிறார்கள். முதலாவதில் இரும எண்கள், பாய்ச்சற் கோட்டுப்படம், விரிதாள், தரவுத்தளம் எல்லாம் வருகிறது, லொஜிக் கேற்றுக்குப் பாடநூலில் "தர்க்கப் படலை" என்று பேர் வைத்திருக்கிறார்கள், அதைக் கேட்டதும் ஊரில் அம்மம்மா வீட்டுத் தகரப் படலை கிரீச்சிடுகிற சத்தம் எனக்குக் காதில் வந்தது. ஏஐ என்ற சொல்லே அதிகம் வராத பழைய பாடம்போலத் தோன்றலாம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இரண்டு உள்ளீடும் 1 ஆக இருந்தால்தான் திறக்கிற படலை, ஏதாவது ஒரு உள்ளீடு 1 ஆக இருந்தாலே திறக்கிற படலை என்று தாளில் அட்டவணை போட்டுப் பார்த்த பிள்ளைக்கு, இந்தப் பெட்டிக்குள் மந்திரம் எதுவும் இல்லை என்றாவது விளங்கும். இதில் மகளுக்கும் சம்மதம். மண்டப வகுப்பை நிற்பாட்டுகிற காசில் சிங்களத்துக்கு ஒரு மிஸ், கிழமையில் இரண்டு நாள், இலக்கணத்துக்கு முதல் பேச்சு என்று கேட்டிருக்கிறோம். மிச்சத்தில் ஒரு சனிக்கிழமை புறக்கோட்டை, ஆர்டுயினோ போர்டு, சின்னவனும் வருவானாம். கணித சேர் தொடர்வார், மகள் எவ்வளவு முறைத்தாலும்.

மிஞ்சியிருப்பது இரண்டாம் தொகுதி. ஆறு வயதிலிருந்து வீணை படிக்கிறாள், சங்கீதம் எடுத்தால் ஏ நிச்சயம், மாதாமாதம் கட்டிய காசுக்கும் ஒரு அர்த்தம் வரும். அவளுக்கு நாடகமும் அரங்கியலும் வேண்டுமாம். போன வருடம் பாடசாலை நாடகத்தில் கிழவி வேடம் போட்டதிலிருந்து இதே கதைதான். மேடையில் வசனத்தை மறந்துவிட்டு, தடியைத் தட்டித் தட்டி நடந்து ஏதோ வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்தாள், சபை சிரித்தது, கீழே இருந்த எனக்கு அது வசனத்தில் இல்லை என்றே தெரியவில்லை. பிழை நடந்ததை அந்த மேடையில் முதலில் கண்டுபிடித்தவளும் அவள், சரிக்கட்டியவளும் அவள், அதை நான் இவ்வளவு நாளும் குறும்பு என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

நேற்றிரவு, ஏஐயிடமும் கேட்டதாகச் சொன்னாள். என்ன சொன்னது என்று கேட்டேன். "ரெண்டும் நல்லதாம் அம்மா, ரெண்டுக்கும் அஞ்சஞ்சு காரணம் தந்தது" என்றாள். "நீ முதல்ல உன்ர காரணத்தை எழுதினியா?" என்றேன். எழுதியிருந்தாள், கொப்பியின் கடைசிப் பக்கத்தில், பென்சிலால், ஒரேயொரு வரி. எனக்குக் காட்டவில்லை.

திங்கட்கிழமை தாளைக் கொடுக்க வேண்டும். இரண்டாம் தொகுதிக்கு நேரே நான் பென்சிலால் சங்கீதம் என்று எழுதிவைத்திருந்தேன். இன்று காலை பிரிட்ஜில் பால் எடுக்கப் போகும்போது பார்த்தேன், யாரோ அழித்திருக்கிறார்கள். புதிதாக ஒன்றும் எழுதவில்லை.